வருஷத்துக்கு ஒரே ஒரு மேட்ச் போதுமா?



இந்த மாதம் நம் சுவர்ப் பத்திரிகைக்கு விளையாட்டைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கிரிக்கெட் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கால்பந்தைப் பற்றி எழுதுகிறேன். அதிலும், பந்தாடியே சம்பளம் வாங்குகிற நிலைக்கு ஒரு பெண் எப்படிப் போகிறாள் என்பதைப் பற்றி எழுதுகிறேன். பசங்களும் படிக்கலாம், தப்பில்லை.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் முளைச்ச பயிருக்குத் தண்ணி யார் விடுறது? நம்ம ஊர் ஓரமாகவே காவிரி ஓடுகிறது. ஆனாலும் வாய்க்கால் வெட்டினால்தான் வயலுக்குத் தண்ணி வரும். கால்பந்துக்குத் தண்ணி என்பது மேட்ச். சின்ன வயசில் எத்தனை மேட்ச் ஆடினோம் என்பதுதான் பின்னால் பெரிய வீராங்கனை ஆவோமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. திறமை அதற்கு அடுத்ததுதான். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டு அக்காக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் மணிப்பூரைச் சேர்ந்த பாலா தேவி. 1990இல் பிறந்தவர். சின்ன வயசில் ஆம்பளைப் பசங்களோடு சேர்ந்து ஆடியவர். 15 வயதிலேயே இந்திய அணிக்கு வந்துவிட்டார். இன்னொருவர் பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண். 2001இல் பிறந்தவர். இவரும் பசங்களோடு ஆடித்தான் பழகினார்.

பாலா தேவிக்கு வெளிநாட்டு கிளப்பில் சம்பளத்தோடு ஒப்பந்தம் கிடைத்தது 2020 ஜனவரியில். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப். அப்போது அவருக்கு 29 வயசு. மனிஷா 2022இல் சைப்ரஸ் நாட்டு அப்போலான் கிளப்புக்குப் போனார். ஐரோப்பாவின் மகளிர் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு 20 வயசு.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்பது வருஷ வித்தியாசம். பாலா தேவிக்குத் திறமை குறைவா? இல்லவே இல்லை. அவர் 15 வயசில் இருந்தபோது இந்தியாவில் பெண்களுக்கு என்று தேசிய அளவில் ஒரு லீக்கே கிடையாது. இந்திய மகளிர் லீக் 2016-17இல்தான் தொடங்கியது. அப்போது பாலா தேவிக்கு 26 வயசு ஆகிவிட்டது. மனிஷாவுக்கு 15. வளர்கிற வயசில் மனிஷாவுக்கு லீக் கிடைத்தது. கோகுலம் கேரளா அணிக்காக வரிசையாக மேட்ச் ஆடினார், உலகம் பார்த்தது. பாலா தேவிக்கு அந்த வயசில் அது கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"அதெல்லாம் மணிப்பூர், பஞ்சாப். நம்ம தமிழ்நாட்டில் ஏது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடலூர் இருக்கிறதே! இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அக்காவும், சந்தியா ரங்கநாதன் அக்காவும் கடலூர் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். சந்தியா அக்கா விடுதியில் தங்கிப் படித்தபோது பந்தைத் தொட்டவர். இந்துமதி அக்கா தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது சென்னையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்று டூட்டி பார்த்தார். அவர்கள் யாரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. ஆனால் கடலூரில் பெண் பிள்ளைகளைச் சின்ன வயசிலேயே கூப்பிட்டு, வருஷம் முழுக்கப் பயிற்சி கொடுத்து, போட்டி போட்டியாகக் கூட்டிக்கொண்டு போக ஆள் இருந்தது. ஒரே இடத்திலிருந்து இத்தனை பேர் வந்தார்கள் என்றால் அந்த மண்ணில் மட்டும் திறமை விளைகிறது என்றா அர்த்தம்? வாய்க்கால் வெட்டினார்கள் என்று அர்த்தம்.

அதன் பலன் என்ன தெரியுமா? 2018இல் தமிழ்நாடு பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல் தடவையாக தேசிய சாம்பியன் ஆனது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் கோப்பையை வாங்கியது. 2023இல் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்து தமிழ்நாடு மறுபடியும் தேசிய சாம்பியன் ஆனது. நம் வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மெஸ்ஸி எந்த கிளப்புக்கு ஆடுகிறார் என்று கேட்டால் பசங்க தூக்கத்தில்கூடச் சொல்வாங்க. அந்த மெஸ்ஸியே 2000இல் 13 வயசில் அர்ஜென்டினாவை விட்டு பார்சிலோனாவுக்குப் போனவர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பிரேசிலின் மார்த்தா கதை இன்னும் பெரிசு. உலகின் சிறந்த வீராங்கனை விருதை ஆறு முறை வாங்கியவர். சின்ன ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பசங்களோடு ஆடி, 14 வயசில் பஸ் ஏறி ரியோ நகரத்துக்குப் போய் வாஸ்கோ டா காமா கிளப்பில் சேர்ந்தார். 14 வயசு! நம்ம வயசு! இங்கே 14 வயசில் நாம பஸ் ஏறி ஈரோடு போறதுக்கே வீட்டில் மூணு பேர்கிட்ட பர்மிஷன் கேட்கணும்.

இப்போது எதிர்ப் பக்கமும் பார்க்க வேண்டும். 2022இல் 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. இந்தியா அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றது. நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவில் ஐந்தாறு வயசுப் பெண் குழந்தைகளே குழுக் குழுவாக லீக் ஆடுகிறார்கள். 16 வயசில் அந்தப் பெண் உலகக் கோப்பைக்கு வரும்போது அவள் காலில் நூற்றுக்கணக்கான மேட்ச் இருக்கும். நம் பிள்ளைகளைக் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து கேம்ப் வைத்துப் பழக்கினார்கள். கேம்ப் நல்லதுதான். ஆனால் பரீட்சைக்கு முந்தின மாசம் மட்டும் டியூஷன் போனால் பாஸ் மார்க் வாங்கலாம், முதல் மார்க் வாங்க முடியுமா?

சரி, நம்ம கதைக்கு வருவோம். குறுவட்டப் போட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாக் அவுட். ஜெயிச்சா அடுத்த ரவுண்டு, தோத்தா வீடு. போன வருஷம் நாங்க முதல் மேட்சிலேயே 0-3 என்று தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டோம். அதோடு அந்த வருஷம் முடிந்தது. அந்த ஒரு மேட்சிலும் சில பேர் கடைசி வரைக்கும் வெளியில் உட்கார்ந்து தண்ணி பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லா ஆடுற டீமுக்கு நாலு மேட்ச், ஆட வராத டீமுக்கு ஒரே மேட்ச். இது எப்படிங்க நியாயம்? ஆட வராதவங்களுக்குத்தானே அதிக மேட்ச் வேணும்?

இது பெரிய இடத்திலும் நடக்கிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வயசுப் பிரிவில்தான் வருவார்கள். ஆனால் 12 வயசில் அந்தப் பதினோரு மாசம் பெரிய விஷயம். உயரமாக, பலமாக இருக்கிற பிள்ளையைத்தான் தேர்வு செய்வார்கள். ஐரோப்பாவில் பல நாடுகளின் சிறுவர் அணிகளில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தேர்வான பிள்ளைக்கு நல்ல கோச், நிறைய மேட்ச். அதனால் இன்னும் நல்லா ஆடும். விட்டுப்போன பிள்ளை விட்டுப்போனதுதான். பிறகு எல்லாரும், "பார்த்தீங்களா, முளையிலேயே தெரிஞ்சுது" என்பார்கள்!

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். "நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 20 வயசு வாக்கில்தானே கிரிக்கெட் பந்தையே தொட்டார்? அப்புறம் 2020இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் இந்தியாவுக்கு ஆடலையா?" நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் அவர் சும்மாவா இருந்தார்? சின்ன வயசிலிருந்து டென்னிஸ் பந்தில் ஊர் ஊராகப் போய் மேட்ச் ஆடினார். பந்துதான் வேறு, அனுபவம் அதே அனுபவம்தான். பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலுவும் சேலம் மாவட்டத்துக்காரர்தான். பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, உயரம் தாண்டிப் பார் என்று சொன்னது அவருடைய விளையாட்டு ஆசிரியர்தான். மனிஷாகூட முதலில் ஓட்டப் பந்தயத்திலும் கூடைப்பந்திலும் இருந்தவர். அதனால் கோகோ, கபடி ஆடுகிற தோழிகள், "எனக்கு வயசாயிடுச்சு" என்று நினைக்க வேண்டாம். ஓடிப் பழகின கால் வீண் போகாது. ஓடாமலே நிறுத்தி வைத்த கால்தான் வீண் போகும்.

நம்ம ஊரில் கால் எப்போது நிற்கிறது? நான் சொல்லாமலே பெண்களுக்குத் தெரியும். என்னோடு ஏழாவது வரைக்கும் ஆடிய ஒருத்தி இருந்தாள். எங்க டீமில் அவளைப் போல யாராலும் ஓட முடியாது. பெரிய மனுஷி ஆனதும் வீட்டில், "பொட்டப்புள்ளைக்கு இனி பந்து எதுக்கு?" என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது லீவு நாளில் தறிப்பட்டறைக்குத் தார் போடப் போகிறாள். அவளுக்கு இந்துமதி அக்கா அளவுக்குத் திறமை இருந்ததா? தெரியாது. இனிமேல் யாருக்குமே தெரியப் போவதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

அப்பா அம்மாக்களையும் நான் குறை சொல்லவில்லை. ராத்திரி ஷிப்டு தறி ஓட்டிட்டு வர்றவங்க, "பந்து சோறு போடுமா?" என்றுதானே கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. பதிலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பந்தாடுகிற எல்லாருக்கும் சம்பளம் கிடைக்காது. 2017இல் 17 வயதுக்கு உட்பட்ட பையன்கள் உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியவர்களைச் சேர்த்து இந்தியன் ஆரோஸ் என்று ஒரு அணி ஆக்கி, பெரியவர்கள் லீக்கில் ஆட விட்டார்கள். நிறையத் தோற்றார்கள். ஆனால் தோற்றுத் தோற்றே பழகினார்கள். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலை அடித்த ஜீக்சன் சிங் அப்படிப் பழகி, பிறகு ஐ.எஸ்.எல். ஆடி, இந்திய அணிக்கே வந்தார். ஆனால் அவரோடு ஆடிய எல்லாரும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்த அணியும் 2022இல் மூடப்பட்டது. ஆக, சின்ன வயசு அனுபவம் கதவைத் திறந்துதான் விடும். உள்ளே போய் உட்கார வைக்காது.

அதனால்தான் படிப்பையும் விடக் கூடாது என்கிறேன். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிற விளையாட்டு விடுதிகளில் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் இலவசம். ஆனால் தேர்வுக்குப் போனால் ஆடிக் காட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு மேட்ச் ஆடினவள் அங்கே என்னத்தைக் காட்டுவாள்?

கடைசியாக, என் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: சனிக்கிழமை தோறும் நம் பள்ளிக்குள்ளேயே ஒரு லீக் வேண்டும். 6 முதல் 9 வரை எல்லா வகுப்புப் பெண்களையும் கலந்து நாலு அணி. தோற்ற அணியும் அடுத்த வாரம் ஆட வேண்டும். ஒரு டீமுக்கு ஏழு பேர் போதும், நம் மைதானமும் போதும். மூன்று மாசத்தில் ஒவ்வொருத்திக்கும் பத்து மேட்சுக்கு மேல் கிடைத்துவிடும். செலவு இரண்டு பந்து, ஒரு விசில்.

இரண்டு: யாரும் முழு மேட்சும் வெளியில் உட்காரக் கூடாது. பாதி மேட்ச் ஒருத்தி, பாதி மேட்ச் இன்னொருத்தி. குட்டையாக இருக்கிறவளும் ஆட வேண்டும்.

மூன்று: பரீட்சை வந்தால் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கை நாங்கள் 30 வயசில்கூடக் கற்றுக்கொள்ளலாம். 13 வயசில் ஆட வேண்டிய மேட்சை 30 வயசில் ஆட முடியாது.

இந்த லீக்கில் இருந்து நாளைக்கே ஒரு மனிஷா வருவாள் என்று நான் சொல்லவில்லை. ஒருத்திகூட வராமல் போகலாம். ஆனால் யார் வந்திருப்பாள் என்றே தெரியாமல் போகக் கூடாது. லீக்கில் சேர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிற வெள்ளைத் தாளில் பெயர், வகுப்பு எழுதுங்கள். போன வாரம் வரைக்கும் ஆடி, இப்போது நிறுத்தினவர்களும் எழுதலாம். வீட்டில் பேச வேண்டும் என்றால் நாங்கள் நாலு பேர் சேர்ந்தே வருகிறோம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி
பள்ளிபாளையம்