இடது கை, வலது கை

இடது கையால் நீட்டினால் எங்கள் தெருக் கடைக்காரர் காசு வாங்க மாட்டார். உடம்பும் அப்படித்தான். இடது, வலது கை மாதிரி ஜோடியாக இருக்கும் மருந்து மூலக்கூறுகளில் பல சமயம் ஒன்றுதான் வேலை செய்யும். மற்றது தண்டம், சில சமயம் தொல்லை. சாதாரண ரசாயன முறையில் இரண்டும் பாதிக்குப் பாதி வந்து விழும். பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

சூடோமோனாஸ் புட்டிடா என்ற மண் பாக்டீரியாவுக்கு இந்தக் குழப்பமே இல்லை, சார். பெயிண்ட் தின்னரில் இருக்கும் டொலுயீன்தான் அதற்கு டிபன். அதன் என்சைம், ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் டொலுயீனின் கார்பன் வளையத்தில் ஒரே பக்கமாக ஒட்டுகிறது. விளைவது ஒரே 'கை' சரக்கு. இரண்டு அணுவும் ஒரே மூலக்கூறிலிருந்து வருவதை, பென்சீனை வைத்து டேவிட் கிப்ஸன் குழு 1970-ல் காட்டியது. 1990-களில் மெர்க் கம்பெனி விஞ்ஞானிகள், எய்ட்ஸ் மருந்தான இண்டினாவிருக்கு வேண்டிய சரக்கை இந்த என்சைமை வைத்துச் செய்து பார்த்தார்கள்.

பற்று இடது, வரவு வலது என்று கற்க எனக்கு பி.காம். மூன்று வருஷம் ஆயிற்று!