கட்டணம் கட்டினால் கல்வி வந்துவிடுமா?

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் நாட்களில் மதுரை மாநகரில் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. மேலூர், திருமங்கலம், சோழவந்தான், உசிலம்பட்டி எனச் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வந்திறங்கும் தந்தையர், மகனையோ மகளையோ உடனழைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்பர். பாடுபட்டுச் சேர்த்த பணத்தை எண்ணிக் கொடுப்பர்; இரசீதை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைப்பர்; பிள்ளையின் தலையில் கைவைத்து துஆச் செய்துவிட்டு ஊர் திரும்புவர். அந்தத் தந்தையரின் வியர்வையை நாம் மதிக்கிறோம். ஆயினும், இரசீதோடு தம் கடமை முடிந்தது என்று அவர்கள் எண்ணுவதை மதிக்க இயலவில்லை. அவ்வெண்ணத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அக்கட்டணம் எதற்குரியது? கரும்பலகைக்கு எதிரே ஒரு பலகையில் அமர்வதற்கு மட்டுமா? அரபு மொழியில் கல்லூரியைக் 'குல்லிய்யா' என்று வழங்குவர். 'குல்' என்றால் முழுமை. பல்கலைக்கழகத்தை 'ஜாமிஆ' என்பர். ஒன்றுதிரட்டி வைத்திருப்பது என்பது அதன் பொருள். வகுப்பறை அம்முழுமையின் ஒரு மூலையே. நூலகம், ஆய்வுக்கூடம், பேராசிரியர் அறை, உதவித்தொகைப் பிரிவு, வேலைவாய்ப்பு வழிகாட்டும் பிரிவு, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுத் திடல், தமிழ் மன்றம் ஆகிய யாவும் அந்த ஓர் இரசீதில் அடங்கும். முழு மூட்டைக்கும் விலை கொடுத்துவிட்டு ஒரு பிடி அரிசியோடு வீடு திரும்புகிறவனை, வணிகக் குடும்பங்களில் பிறந்த நாம் என்னவென்று அழைப்போம்?

மதரஸாவில் மாணவனுக்கு 'தாலிபுல் இல்ம்' என்று பெயர். அறிவைத் தேடுகிறவன் என்பது அதன் பொருள். பாடம் வந்து தன் மடியில் விழும் என்று காத்திருப்பவனுக்கு அப்பெயர் பொருந்தாது. தமிழும் இதில் பின்தங்கியதன்று. 'கல்வி கேள்வி' என்று இணைத்துச் சொல்வதே நம் மொழியின் வழக்கு. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கற்றோரை அடைந்து கேட்டறியும் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆக, நம்முடைய இரு மொழிகளும் ஒன்றையே கூறுகின்றன: தேடாதவன், கேளாதவன் மாணவன் அல்லன்.

ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், ஒரேயொரு நபிமொழியைக் கேட்டறிவதற்காக ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைச் சென்றடைந்தார்கள். இன்று நம் மாணவன் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்கும் அவனுடைய பேராசிரியரின் அறைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? ஒரு தாழ்வாரம். அதைக் கடக்க மூன்றாண்டுகள் போதவில்லை!

வீட்டில் இருந்து தொடங்குவோம். "வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா" என்பதே நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண்மக்களுக்கு, வழங்கப்படும் முதல் அறிவுரையும் முடிந்த அறிவுரையும் ஆகும். இதில் நாமும் குற்றமற்றவர் அல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் நம்முடைய மக்தபில் ஓதிய ஒரு மாணவி கல்லூரியில் சேர்ந்தாள். அவளுடைய தந்தை நம்மிடம் யோசனை கேட்க வந்தார். "படிக்கட்டும், ஆனால் வகுப்பு முடிந்ததும் நேரே வீடு வந்து சேரட்டும்" என்றோம். நல்லது சொன்னதாகவே அன்று நினைத்தோம். மூன்றாண்டுகள் கழித்துப் பட்டம் பெற்ற மகிழ்ச்சியில் இனிப்போடு வந்தாள். "கல்லூரி நூலகத்தில் என்னென்ன நூல்கள் படித்தாய், அம்மா?" என்று கேட்டோம். அவள் சற்றுத் தயங்கிவிட்டு, "ஒரே ஒரு தடவைதான் உள்ளே போனேன் ஹஜ்ரத், கடைசி வருசம் நிலுவை இல்லைன்னு கையெழுத்து வாங்க" என்றாள். எடுத்த நூல் ஒன்றுமில்லை. ஆகவே நிலுவையும் ஒன்றுமில்லை. நாம் வாளாவிருந்தோம். அவள் மேலும் சொன்னாள்: "நேரா வீட்டுக்கு வரணும்னு அத்தாகிட்டச் சொன்னது நீங்கதானே ஹஜ்ரத்?"

அவள் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுவே நம்மை இன்றுவரை உறுத்துகிறது. அந்தச் சான்றிதழில் அவளுக்கு நிலுவை இல்லை, நமக்குத்தான் இருக்கிறது. அதில் ஒரு பகுதியையேனும் அடைக்கவே இதனை எழுதுகிறோம்.

எதற்காக அஞ்சுகிறோம்? மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948இலும், பாத்திமா கல்லூரி 1953இலும் பெண்களுக்கென்றே தோன்றின. பெண்கள் மட்டுமே பயிலும் ஒரு கல்லூரியின் நூலகத்தில், பட்டப்பகலில், ஒரு மணி நேரம் கூடுதலாக அமர்ந்திருப்பதில் என்ன கேடு விளைந்துவிடும்? பாதை பற்றிய அச்சமாயின் பேருந்து நேரத்தைப் பற்றிப் பேசுவோம். துணைக்கு ஒரு தோழியை ஏற்பாடு செய்வோம். அச்சத்தைத் தீர்க்க வழியிருக்க, அறிவின் வாயிலை அடைப்பது என்ன நியாயம்? மார்க்கத்தின் பெயரால் இதைச் செய்வோர் கரீமா அல்மர்வஸிய்யா என்னும் பெருமாட்டியை நினைத்துப் பார்க்கட்டும். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த அவரிடம் ஸஹீஹுல் புகாரியைக் கேட்டுப் பயின்றவர்களுள் பக்தாதின் பேரறிஞர் கதீப் அல்பக்தாதியும் ஒருவர். அறிஞர்கள் தேடி வந்து பயிலும் அளவுக்கு ஒரு பெண்மணி கற்றிருந்த சமுதாயம் நம்முடையது. இன்று நம் பெண்மக்கள் தாமே தேடிச் செல்வதற்குத் தடையா?

அடுத்து, கேட்பதற்கு நாணும் நம் பழக்கம். அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கவெனப் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கெனத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. இவற்றுக்கான விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்லும். நாமறிந்த ஒரு குடும்பத்தில் தாயின் காதணியை அடகு வைத்து இரண்டாமாண்டுக் கட்டணத்தைக் கட்டினார்கள். அம்மகள் அரசுப் பள்ளியில் பயின்றவள். முதலாண்டு முழுவதும் அவள் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையை நின்று படிக்கவில்லை, வீட்டார் ஒருவரும் "அங்கே நமக்கு ஏதேனும் உண்டா?" என்று கேட்கவில்லை. ஓராண்டுக்கு 12,000 ரூபாய்! வட்டிக்கடைக்காரரிடம் சென்று நிற்க நாணாத நாம், உரிமையுள்ள உதவியைக் கேட்க மட்டும் நாணுகிறோம்.

இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள் இளமையில் வறியவர். எழுதுவதற்குத் தாள் வாங்கப் பொருளின்றி எலும்புகளின் மீது எழுதினார்கள். அரசு அலுவலகத்திற்குச் சென்று, ஒரு பக்கம் எழுதப்பட்டுக் கழிந்த தாள்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் மறுபக்கத்தில் பாடங்களை எழுதிக்கொண்டார்கள் என்று அவர்களுடைய வரலாறு கூறுகிறது. அலுவலகத்தின் முன் நின்று கேட்டதனால் அவர்களுடைய மதிப்புக் குன்றிவிட்டதா? ஒரு மத்ஹபே அவர்கள் பெயரால் நிற்கிறது.

மாணவர்களையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. தமிழ்வழியில் படித்து வந்தவன், ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் கடைசி வரிசையில் ஒளிகிறான். புரியவில்லை என்று ஆசிரியரிடம் சொன்னால் தன்னைத் தாழ்வாக நினைப்பாரோ என்று அஞ்சுகிறான். முதல் பருவத் தேர்வில் தோற்றபின், "இது நமக்கு ஆகாது" என்று கடைக்கு வேலைக்குப் போய்விடுகிறான். அவன் தோற்றது பாடத்தில் அன்று. ஒரு கேள்வியைக் கேட்கும் துணிவில். பெரும்பாலான ஆசிரியர்கள் தம்மைத் தேடி வரும் மாணவனைக் கண்டு மகிழ்வார்களேயன்றி வெகுள மாட்டார்கள். முப்பது ஆண்டுகள் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறோம்: எந்த ஆசிரியனும் தன்னிடம் கேள்வி கேட்டவனை மறப்பதில்லை. பின்னாளில் ஒரு பரிந்துரைக் கடிதம் தேவைப்படும்போது, முகமே அறியாத மாணவனுக்கு அவர் என்ன எழுதுவார்?

சமுதாயத் தலைவர்களுக்கும் ஒரு சொல். மேடை தோறும் "நமக்கென்று கல்லூரிகள் வேண்டும்" என்று முழங்குகிறோம். வேண்டுவதுதான். உத்தமபாளையத்தில் 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியையும், இளையான்குடியில் 1970இல் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியையும் எழுப்பியவர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள். ஆனால் கட்டடம் எழுப்பியதோடு நில்லாமல், இருப்பதை என்ன செய்தோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டாவா? மதுரைக்கு மேற்கே, தேனிச் சாலையில், நாகமலை அடிவாரத்தில் காமராசர் பல்கலைக்கழகம் நிற்கிறது. இலங்கையில் பிறந்த பேராசிரியர் ம. மு. உவைஸ் அங்கே வந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கியத் துறையில் பணியாற்றினார். பேராசிரியர் அஜ்மல்கானோடு இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். பல்கலைக்கழகமே அவற்றை வெளியிட்டது. சீறாப்புராணம் முதலாக நம் முன்னோர் தமிழுக்குச் செய்தவை யாவை என்று அறிய விரும்புவோருக்கு அத்தொகுதிகள் ஒரு கருவூலம். கடல் கடந்து வந்த ஒருவர் நமக்காகத் தேடித் தொகுத்து வைத்தார். பேருந்து ஏறிச் சென்று அவற்றைப் பிரித்துப் பார்த்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்? மீலாது மேடைகளில் உமறுப்புலவரின் பெயரைச் சொல்லிக் கைத்தட்டல் பெறுவோரில் எத்தனை பேர்?

இங்கே சிலர் மறுத்துரைப்பர். "கல்லூரிகள் என்ன ஒழுங்காகவா இருக்கின்றன? நூலகம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது, அலுவலகத்தில் எரிந்து விழுகிறார்கள், நம் பையன்கள் மதியத்துக்கு மேல் கடையில் வேலை பார்த்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்" என்பர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பூட்டிய நூலகத்தைத் திறக்க வைப்பவர்கள் யார்? நூல் கேட்டு நாள்தோறும் வந்து நிற்கும் மாணவர்களே. கேட்பாரற்ற கதவே பூட்டிக் கிடக்கும். வேலைக்குச் செல்லும் மாணவனுக்கும் வகுப்புகளுக்கிடையே ஓய்வு நேரம் உண்டு. அந்நேரம் இன்று கைப்பேசியின் வாயில் போகிறது என்பதை யாவரும் அறிவோம். அதே கைப்பேசியில் அறிவும் இருக்கிறது. மைய அரசின் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்தின்கீழ், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் படிக்க 2025 சனவரி முதல் வழி செய்யப்பட்டது. தன் கல்லூரிக்கு எவ்வகை வசதி உண்டு என்பதை நூலகரிடம் ஒரு முறை கேட்டால் தெரிந்துவிடும். கல்லூரி நூலகம் போதாதென்றால், மதுரை புது நத்தம் சாலையில் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உள்ளே நுழைய எவரும் சாதியோ சமயமோ கேட்பதில்லை.

ஆகவே, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரை வேண்டுகிறோம். முதல் வாரத்திலேயே நூலக அட்டை கைக்கு வந்ததா என்று கேளுங்கள். முதல் மாதத்திற்குள் வகுப்பு ஆசிரியரின் பெயரும் அவருடைய அறை இருக்கும் இடமும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையை வாரம் ஒருமுறை படித்துவந்து வீட்டில் சொல்லச் செய்யுங்கள். "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கும் அதே வாயால், "இந்த வாரம் என்ன நூல் எடுத்தாய்? யாரிடம் என்ன கேட்டாய்?" என்றும் கேளுங்கள். எழுத்தறியாத தாயும் இக்கேள்வியைக் கேட்கலாம். வெள்ளி மேடையில் நிற்கும் நம்மைப் போன்ற ஆலிம்களும், "நேரே வீட்டுக்கு வா" என்று சொல்லிக் கொடுத்த அந்த ஒரு வரியைத் திருத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கோரிப்பாளையம் தர்காவுக்கு ஜியாரத்துக்கு வருவோர், வைகைப் பாலத்தைக் கடந்ததும் அருகிலேயே அமெரிக்கன் கல்லூரியின் செந்நிறக் கட்டடங்களைக் காணலாம். 1881இல் தோன்றிய அக்கல்லூரியின் வாயிலைத் தலைமுறை தலைமுறையாக நாம் கடந்து போய்க்கொண்டிருந்தோம். இன்று நம் பிள்ளைகள் அவ்வாயிலிலும், அதுபோன்ற பல வாயில்களிலும் நுழைகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் வாயிலில் நுழைந்தவர்கள் வகுப்பறையோடு திரும்பிவிட்டால், வெளியே நின்ற காலத்துக்கும் உள்ளே சென்ற காலத்துக்கும் வேறுபாடு ஓர் இரசீது மட்டுமே. அந்த இரசீதைக் கல்வி என்று எண்ணி இனியும் நாம் ஏமாற வேண்டா.