பல்லுக்கு எந்தப் பாலிசி? முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

போன மாதம் எங்கள் குடியிருப்புக்கு ஒரு முகவர் வந்தார். தூய்மைப் பணி முடித்துப் பெண்கள் வீடு திரும்பும் மதிய நேரம். கையில் 'பல் பாதுகாப்பு அட்டை' விண்ணப்பங்கள். வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினால் குடும்பத்தில் நான்கு பேருக்குப் பல் வைத்தியம் என்றார். நிறையப் பேர் சேர ஆர்வமாக இருந்தார்கள். எது நல்ல திட்டம் என்று எங்களிடம் கேட்டார்கள்.

ஆர்வம் இருக்கத்தானே செய்யும். அங்கிருந்த ஓர் அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "புடுங்குனா முந்நூறு ரூபா, வேர் சிகிச்சை பண்ணி மூடி போட்டா ஏழாயிரம்ங்கறாங்க. நான் எதைச் செய்வேன், நீங்களே சொல்லுங்க." இப்படித்தான் நம் வீடுகளில் நாற்பது வயதிலேயே பல் போகிறது. காப்பாற்றக்கூடிய பல்லைக் காசில்லாமல் பிடுங்குகிறோம்.

அந்த விண்ணப்பத்தை உட்கார்ந்து முழுதாகப் படித்தோம். அது காப்பீடே அல்ல, தள்ளுபடி அட்டை. பரிசோதனையும் பல் சுத்தம் செய்வதும் இலவசம். மற்ற எல்லாவற்றுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி கழிவு. பட்டியலில் இருந்த மருத்துவமனைகள் எல்லாம் இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் இருந்தன.

யார் எந்தப் பல் திட்டத்தோடு வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பதிவு பெற்ற நிறுவனத்தின் பாலிசியா, அதற்கு யு.ஐ.என். எண் உண்டா? பணம் கட்டி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? வேர் சிகிச்சை, மூடி, பல்செட் இவற்றுக்கு எவ்வளவு தருவார்கள், வருட உச்சவரம்பு எவ்வளவு? நம் வேலை நேரம் முடிந்த பிறகு திறந்திருக்கும் மருத்துவமனை பக்கத்தில் உண்டா? இதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

வழக்கமான மருத்துவ பாலிசிகளும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அவை மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதை அடிப்படையாக வைத்தவை. பல் வைத்தியமோ நாற்காலியில் ஒரு மணி நேரத்தில் முடிவது. அதனால் விபத்தில் அடிபட்டால் தவிர, பல் செலவைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தாடை எலும்பு முறிந்தால் அது உதவும். சொத்தைப் பல்லுக்கு உதவாது.

ஆனால் அந்த மதியம் நாம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி வேறு. ஏற்கெனவே நம்மிடம் ஒரு காப்பீடு இருக்கிறதா?

இருக்கிறது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்குத் தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, வேலையளிப்பவர் பங்கு 3.25 விழுக்காடு. 15,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200 ரூபாய் நம் பெயரில் போகிறது. முகவர் கேட்டதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உரிமை உண்டு.

அப்படியிருந்தும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே பல் காட்டியதில்லை. பலருக்குத் தங்கள் பத்து இலக்கக் காப்பீட்டு எண் தெரியாது. ஒப்பந்ததாரர் அட்டை தரவில்லை. குடும்பத்தினர் பெயரைச் சேர்க்கவில்லை. வேலையிடம் மாறினாலும் எண் மாறக்கூடாது. ஆனால் ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம் புது எண் போடுகிறார்கள். அரை நாள் விடுப்பு எடுத்தால் அந்த நாள் கூலியே போகிறது.

இந்த உரிமை யாரும் போட்ட பிச்சை அல்ல. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1943-இல், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் அதார்க்கரிடம் தரப்பட்டது. 1944-இல் அவர் கொடுத்த அறிக்கையின் வழியே 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்பதையும் அந்தச் சட்டம் வகுத்தது. தூய்மைப் பணியில் அந்த முதன்மை வேலையளிப்பவர் நகராட்சியோ மாநகராட்சியோதான்.

"புகையிலை போட்டால் பல் போகத்தான் செய்யும்" என்று சொல்பவர்கள் உண்டு. புகையிலை கெடுதல்தான், விடத்தான் வேண்டும். ஆனால் அழுகிய குப்பையின் நாற்றத்தைத் தாங்கவே பலர் அதை வாயில் அடக்கினார்கள். கவசமும் இயந்திரமும் கொடுக்காதவர்கள், அந்தப் பழக்கத்தைச் சாதியின் குணமாகப் பேசுவதை ஏற்க முடியாது.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் அட்டையையும் குடும்பப் பதிவோடு உள்ளாட்சி நிர்வாகமே உறுதி செய்ய வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் முதலமைச்சர் திட்டத்தில் வேர் சிகிச்சையும் பல்செட்டும் சேர்க்கப்பட வேண்டும்.

அந்த அக்காவுக்கு எண்ணைத் தேடி எடுத்தோம். மூன்று ஒப்பந்ததாரர் மாறியதில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்றாக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். அதற்குள் வலி தாங்காமல் அந்தப் பல்லை அவர் முந்நூறு ரூபாய் கொடுத்துப் பிடுங்கிவிட்டார். பக்கத்துப் பல்லிலும் சொத்தை இருக்கிறது. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சம்பளச் சீட்டோடு உட்காரவையுங்கள். புது அட்டை வாங்குவதைப் பிறகு பேசலாம்.