மகளிர் கல்லூரி ஒதுக்குப்புறம் அல்ல

பெண்களை ஒதுக்கி வைக்கவே மகளிர் கல்லூரிகள் தோன்றின, இருபாலர் கல்லூரிகள் பெருகிய பின் அவை தேவையில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை.

அக்கல்லூரி எழுந்தபோது மற்ற கதவுகள் முழுவதும் அடைபட்டிருக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு இடையே முத்துலட்சுமி ரெட்டி படித்தார். ஆனால் இப்படி ஒருவர் இருவர்தான் நுழைய முடிந்தது. வெளியூர்ப் பெண்கள் பலராக வந்து படிக்க விடுதியும், வீட்டார் நம்பி அனுப்பக்கூடிய நிர்வாகமும் வேண்டியிருந்தன. முதல்வர் டொரோதி டி லா ஹே காலத்தில் மெரினா கரையில் வகுப்பறைகளோடு விடுதிகளும் எழுந்தன.

தரம் குறைவு என்ற வாதம் இன்னும் வலுவற்றது. மாணவியர் எழுதியது பல்கலைக்கழகத்தின் பொதுத் தேர்வு. பெற்றதும் அதன் பட்டமே. கேம்பிரிட்ஜ் தன் மகளிர் கல்லூரி மாணவியருக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948இல்தான் என்பதை இங்கு நினைக்க வேண்டும். தலைச்சேரியிலிருந்து வந்து ராணி மேரியில் பயின்ற ஜானகி அம்மாள், மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஹானர்ஸ் முடித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் ஆனார். கோயம்புத்தூரில் கரும்பு இன ஆய்வு செய்தார். இடையில் அவருக்கு ஆசிரியப் பணி தந்தது மற்றொரு மகளிர் கல்லூரியான சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி. படித்த பெண் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் முதல்வராகவும் உயர அன்று இத்தகைய இடங்களே வழிவிட்டன.

விடுதிக் கட்டுப்பாடுகள் பெண்களை முடக்குகின்றன என்ற குறை பல இடங்களில் நியாயமானது. மாற்ற வேண்டியது அந்த விதிகளை. கல்லூரியை மூடுவது தீர்வாகாது. 2003இல் ராணி மேரி வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது மாணவியரே உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர், திட்டம் கைவிடப்பட்டது.

இன்று தேவையில்லை என்போர் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் பார்க்கலாம். மின்னணு ஆலைகளுக்கு வெளி மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மகளை வெளியூர் அனுப்பும் வீடு கேட்பது இன்றும் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம். வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி விடுதி கட்டுவதை யாரும் பழமை என்று சொல்வதில்லை. படிக்க வரும் பெண்ணுக்கு விடுதியோடு கூடிய கல்லூரி இருப்பதை மட்டும் அப்படிச் சொல்ல நியாயமில்லை.