நேர்முகப் பரீட்சைக்கு ஓர் அறை

2020 இல் கொவிட் பெருந்தொற்று பரவியதை அடுத்து, நிறுவனங்கள் பலவும் நேர்முகப் பரீட்சைகளை இணையவழிக்கு மாற்றின. பத்து நிமிடக் கேள்விகளுக்காகக் கண்டியிலிருந்து சுமார் 115 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குச் சென்று திரும்பிய இளைஞர், யுவதிகளுக்கு இது ஆறுதலே. ஆனால், பரீட்சை மண்டபத்தைத் தேடிக்கொள்ளும் பொறுப்பு இப்போது விண்ணப்பதாரியையே சார்ந்துள்ளது.

தெல்தோட்டை, புசல்லாவை போன்ற தோட்டப் பகுதிகளில் பல குடும்பங்கள் இன்றும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றன. அங்கே பட்டதாரியின் பதிலை விட அயல்வீட்டு வானொலி தெளிவாகக் கேட்பதும் உண்டு. திரைக்கு அப்பால் இருப்பவர் இதனைத் தகுதிக் குறைவாகக் கருதிவிடக் கூடாது.

வெளிச்சம் முகத்தில் விழுமாறு அமர்வது, நண்பரைக் கேள்வி கேட்கச் செய்து வாய்விட்டுப் பதில்கூறிப் பழகுவது, இணைப்பு அறுந்தால் அழைக்கவேண்டிய இலக்கத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பது ஆகியன விண்ணப்பதாரியால் இயன்றவை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானபோது இவற்றால் என்ன பயன் கிட்டியிருக்கும்?

பிரதேச சபை நூலகங்களில் கதவுள்ள சிறிய அறையொன்றை, மாற்று மின்வசதியுடனும் இணைய இணைப்புடனும் முன்பதிவு அடிப்படையில் வழங்குவது பெருநிதி வேண்டும் காரியமன்று.