முற்றத்தையும் கொடுங்கள்

என் தங்கை தரம் நான்கில் படிக்கிறாள். கரும்பலகை தெரியவில்லை என்பதை ஒரு தவணை முழுவதும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதியிருக்கிறாள். இப்போது மூக்குக்கண்ணாடி போடுகிறாள். "எல்லாம் இந்த போனால வந்தது" என்கிறார் உம்மா.

போன் மட்டும்தானா? குறும்பார்வையில் கண்கோளம் நீண்டு, தூரப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது. ஓயாமல் அருகில் பார்ப்பது ஒரு காரணம். பகல் வெளிச்சத்தில் நிற்காதது இன்னொரு காரணம். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் தரப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் ஏறக்குறைய 30 சதவீதமானோருக்குக் குறும்பார்வை வந்தது. வழமைபோல் படித்த மற்றப் பிள்ளைகளில் அது 40 சதவீதமளவில் இருந்தது.

எங்கள் வீட்டில் தம்பி பின்னேரம் கிரிக்கெட் விளையாடப் போகிறான். தங்கைக்கு புலமைப்பரிசில் வகுப்பு. அது முடிந்தால் வீடு. வெளியே போகாதே என்று சொல்லி, அழாமல் இருக்கப் போனைக் கொடுத்தது நாங்கள்தான்.

பெற்றோரே, போனை வாங்கி வையுங்கள். ஆனால் வெறுங்கையோடு அவளை உள்ளே இருத்தாதீர்கள்; முற்றத்தையும் கொடுங்கள். நானும் தினமும் பின்னேரம் தங்கையோடு இறங்கப் போகிறேன்.