புத்தகம் திறந்திருந்த தேர்வு

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘புக் பேக்’. பாடத்தின் கடைசியில் இருக்கும் வினாக்களை உருப்போட்டால் பாஸ் நிச்சயம் என்பது ஊரறிந்த கணக்கு. பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிடுங்கள் என்று பயிற்சி முகாமில் சொல்லி அனுப்பப்படும் ஆசிரியரும், அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் இந்தக் கணக்குக்கே வந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வினாத்தாள் அவர் கையிலா இருக்கிறது?

வினாத்தாளையும் சேர்த்து மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972இல் கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும் ரசூலியா என்ற ஊரின் ‘நண்பர்கள் கிராமிய மைய’மும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை அடியோடு மாற்றின. ‘பால் வைஞானிக்’ என்ற பாடநூலில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. பிள்ளைகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து செய்து பார்த்து, கண்டதைத் தம் சொந்த நடையில் நோட்டில் எழுதினார்கள். சவாலிராம் என்றொரு கற்பனை மனிதருக்கு எந்தச் சந்தேகத்தையும் கடிதமாகப் போடலாம், பதில் வரும். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து, அறிவியல் பொம்மைகளுக்குப் பேர்போன அரவிந்த் குப்தா உருவங்கள் செய்யத் தொடங்கியதும் அங்கேதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் தேர்வில் கை வைத்தது. எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துப் போகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. வருஷம் முழுக்கத் தானே செய்து எழுதியவனுக்கு நோட்டு துணை; பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனுக்கு அது வெறும் சுமை. இப்படித் தேர்வை மாற்ற அரசின் ஒப்புதல் இருந்தது. பின்னர் 2002இல் திட்டத்தை மூடியதும் அரசுதான்.

நம்மிடமும் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் கற்றல் அட்டைகளைப் பார்த்து உருவானது, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. அட்டை எடுத்துப் படித்த அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்தபோது காத்திருந்தது பழைய மாதிரி வினாத்தாள்.

அந்த வினாத்தாளிலிருந்தே தொடங்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியலின் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்காவது, புத்தகத்தில் இல்லாத ஒரு சோதனையின் அளவீடுகளைக் கொடுத்து ‘இதிலிருந்து என்ன தெரிகிறது’ என்று கேட்கட்டும். கைடு போடுகிறவர்கள் முதல் வருஷம் திணறுவார்கள். அடுத்த வருஷம் அதற்கும் ஒரு கைடு வரும். வரட்டும், கேள்வியை மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.